தீபாவளி இரவு வீட்டில் அறுபது பேர்: பஃபே மெனு போடுவது எப்படி?

[காட்சி: மொட்டை மாடி. சாமியானா. நீள மேசை இரண்டு, மேலே இன்னும் எதுவும் வைக்கவில்லை.]

வணக்கம். தீபாவளி இரவுக்குச் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், அலுவலக நண்பர்கள் என்று அறுபது பேரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பந்தி போட்டுப் பரிமாற ஆளும் இல்லை, உட்காரவைக்க இடமும் இல்லை. சரி, பஃபே வைத்துவிடலாம் என்று முடிவாகிறது. உடனே ஒரு தாளை எடுத்து யாருக்கு என்ன பிடிக்கும் என்று எழுத ஆரம்பிப்போம். மாமாவுக்கு மட்டன், சித்திக்கு வாழைப்பூ வடை, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ். பத்து நிமிடத்தில் பட்டியல் இருபதைத் தாண்டியிருக்கும்.

அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது மேசையில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்குமா?

பந்தியில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. ஆள் உட்கார்ந்த பிறகுதான் வடை வாணலியிலிருந்து வரும். அப்பளம் கடைசி நிமிடத்தில் பொரியும். பஃபேயில் சாப்பாடு முதலில் வந்து உட்கார்ந்துவிடும், ஆட்கள் பிறகுதான் வருவார்கள். பந்தியில் பேர் வாங்கிய பல பதார்த்தங்கள் இங்கே சொதப்புவதற்கு அதுதான் காரணம்.

[காட்சி: மூடி போட்ட பாத்திரத்தில் அரை மணி நேரம் இருந்த மெதுவடை. இரண்டாகப் பிய்க்கும்போது ரப்பர் மாதிரி இழுபடுகிறது.]

மெதுவடை, பஜ்ஜி, பூரி, தோசை, ஆப்பம் எதுவும் காத்திருக்காது. மூடினால் ஆவியில் நமத்துப்போகும், திறந்து வைத்தால் ஆறி விறைக்கும். வெண்பொங்கல் பத்து நிமிடத்தில் கெட்டிப்பட்டு, கரண்டி போட்டால் கட்டியாக வரும். உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுப்பை இழந்துவிடும். அவியல் ருசிதான், ஆனால் பச்சைத் தேங்காயும் தயிரும் சேர்ந்தது. ஈரமும் வெப்பமும் உள்ள இரவில் அதை வெளியே வைத்திருக்க எனக்குத் தைரியம் கிடையாது. தேங்காய்ச் சட்னியும் அந்தக் கணக்குதான்.

காத்திருக்கிறவை எவை? புளியும் எண்ணெயும் சேர்ந்த எல்லாமே ஏறக்குறைய. புளியோதரை கலந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சோற்றில் புளி இறங்கும். எண்ணெய்க் கத்தரிக்காய் ஆற ஆற ருசி கூடும். தம் போட்ட பிரியாணி, மூடியைத் திறக்காத வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடாகவே இருக்கும். அப்புறம் தயிர் வடை. ஊறினால்தான் அது தயிர் வடை. சித்தி கேட்ட வடையை இந்த வடிவத்தில் கொடுத்துவிடலாம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, அன்றைய தினத்தின் குணம். கல்யாண வரவேற்பு மெனுவை அப்படியே எடுத்துவந்து தீபாவளி இரவில் வைக்க முடியாது. விடிகாலை எண்ணெய்க் குளியல் முடிந்து லேகியம் உருண்டையில் ஆரம்பித்திருப்பார்கள். பிறகு அதிரசம், முறுக்கு, லட்டு, ஒவ்வொரு வீட்டுத் தட்டிலும் ஒரு வாய். நிறைய வீடுகளில் காலையிலேயே இட்லியும் கறிக்குழம்பும். இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறவருக்கு இனிப்பைப் பார்த்தாலே திகட்டும். அதனால் குலாப் ஜாமூன், ஹல்வா, ஐஸ்கிரீம் என்று இனிப்பு மேசை தனியாகப் போடுவது வீண் செலவு. மிளகு, சீரகம், புளி, தயிர், இவைதான் அந்த வயிறு கேட்கும். எல்லோரும் பிரியாணிக்குத்தான் முக்கியத்துவம் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் அன்று இரவின் கதாநாயகன் ரசம்.

இன்னொன்று அமாவாசை. தீபாவளியை ஒட்டியே அமாவாசை வரும், சில வருடங்களில் அன்றைக்கே திதி தொடங்கிவிடும். கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீட்டார் கவிச்சி தொடமாட்டார்கள். அழைக்கும்போதே, "அன்னைக்கு நோன்பு உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அறுபதில் இருபது பேர் சைவம் என்று இங்கே வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, பட்டாசு நேரம். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தபின், தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்பது வழக்கமாகிவிட்டது. விருந்து போடுகிறவருக்கு இது ரொம்ப முக்கியம். எட்டு மணிக்குப் பட்டாசு முடியும், எட்டு ஐந்துக்கு அறுபது பேரும் ஒரே நேரத்தில் பசியோடு மேசைக்கு வருவார்கள். பிள்ளைகள் கை முழுக்க மருந்துப்பொடியோடு வருவார்கள். மேசைக்கு முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, துண்டு.

[காட்சி: கையால் எழுதிய மெனு அட்டை.]

இத்தனையும் மனதில் வைத்து நான் போடும் மெனு: மட்டன் பிரியாணி, மிளகுக் கோழி வறுவல், புளியோதரை, எண்ணெய்க் கத்தரிக்காய், சேனைக்கிழங்கு வறுவல், வெங்காயத் தயிர்ப் பச்சடி, தயிர் வடை, ரசம், தயிர்சாதம், சின்னதாக ஒரு பாயசம். பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் வேண்டாம், ஆறினால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். காரமில்லாத உருளைக்கிழங்கு பொடிமாஸ் ஒரு சட்டி, தயிர்சாதத்துக்குப் பக்கத்தில். அவ்வளவுதான். அப்பளத்தை மதியமே பொரித்துக் காற்றுப் புகாத டின்னில் போட்டு, டின்னோடு வையுங்கள்.

எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இதில் இரட்டை வேலை. பிரியாணிக்கும் அதுதான் தொடுகறி, புளியோதரைக்கும் அதுதான். தயிர்ப் பச்சடியும் அப்படியே. இந்த மாதிரி இரண்டு பக்கமும் போகிற பதார்த்தத்தைப் பிடித்துவிட்டால் இரண்டு மெனு சமைக்க வேண்டியதில்லை, ஒன்றரை சமைத்தால் போதும். ஆனால் கறி தொட்ட பாத்திரமும் கரண்டியும் அதன் பக்கம் போகக் கூடாது.

இப்போது அளவு. இங்கேதான் எல்லோருக்கும் பயம். பயத்தில் இரண்டு மடங்கு சமைப்போம்.

சோற்று வகைகளை மொத்தமாகக் கணக்குப் பண்ணுங்கள். பஃபேயில் ஒருவர் பிரியாணி, புளியோதரை, தயிர்சாதம் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். ஒவ்வொன்றையும் முழுச் சாப்பாடாக நினைத்து அரிசி போட்டால் பாதி மிஞ்சும். தலைக்கு 110 கிராம் அரிசி, எல்லாம் சேர்த்து. அறுபது பேருக்கு ஆறரை கிலோவைச் சுற்றி வரும். அதில் பிரியாணிக்குச் சீரகச் சம்பா 4 கிலோ, புளியோதரைக்கு ஒன்றரை, தயிர்சாதத்துக்கு ஒன்றே கால். அசைவம் சாப்பிடுகிற நாற்பது பேருக்கு மட்டன் 6 கிலோ, அதாவது கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ கறி. கோழி எலும்போடு 4 கிலோ. சேனை 5 கிலோ, தோல் சீவினால் நாலுதான் மிஞ்சும். தயிர் வடை தலைக்கு ஒன்று. ஒரு கிலோ உளுந்தில் சின்ன அளவில் அறுபது, எழுபது வரும். ரசம் 6 லிட்டர். பாயசம் 5 லிட்டர் தாராளம், சின்ன டம்ளரில் கொடுக்கும் பட்சத்தில். சேமியா வேண்டாம், நேரம் போகப் போகப் பாலை உறிஞ்சிக் களியாகிவிடும். பாசிப்பருப்பும் வெல்லமும் போட்டது நிற்கும். குடிநீர் 20 லிட்டர் கேன் மூன்று.

[காட்சி: வீட்டு அடுப்பின் மேல் பெரிய அண்டா. பாதி வெளியே தொங்குகிறது.]

வீட்டு அடுப்பில் 4 கிலோ பிரியாணி வராது. பர்னரின் தீ அண்டாவின் நடுவில் மட்டும் படும், அடியில் ஒரு வட்டம் கருகும், ஓரம் வேகாது. வாடகைப் பாத்திரக் கடையில் பெரிய கேஸ் அடுப்பு, அண்டா, ஜல்லிக்கரண்டி, நாலைந்து பஃபே பாத்திரம் சொல்லிவிடுங்கள். தீபாவளி வாரத்தில் கேட்டால் கிடைக்காது, முன்பே சொல்ல வேண்டும். அடுப்பைத் திறந்த இடத்தில் வைத்து, ஏழு மணிக்குள் தம் முடித்து அடுப்பையும் சிலிண்டர் வால்வையும் மூடிவிடுங்கள். ஏழுக்குப் பட்டாசு ஆரம்பம் என்பதை மறக்க வேண்டாம். ஏழிலிருந்து எட்டு வரை பிரியாணி தன் சூட்டிலேயே தம்மில் கிடக்கும். நாம் காத்திருக்கும் பதார்த்தமாகத் தேர்ந்தெடுத்ததன் பலன் இங்கேதான் கிடைக்கிறது.

மற்ற வேலையைப் பின்னோக்கி அடுக்கினால் சுலபம். புளிக்காய்ச்சல் இரண்டு மூன்று நாள் முன்பே நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிவிடலாம். கறிக்கடையில் முந்தின நாளே சொல்லிவைத்தால் விடிகாலை வரிசை மிச்சம். வடையைக் காலையில் பொரித்து, வெந்நீரில் போட்டுப் பிழிந்து வைத்துவிடலாம், தயிர் மாலையில். அதற்கு ஃபிரிட்ஜில் இடம் வேண்டும், எனவே முந்தின இரவே ஃபிரிட்ஜைக் காலி செய்யுங்கள். தயிர்சாதத்தைப் பால் அதிகம், தயிர் கொஞ்சம் என்று கலந்து விட்டால் எட்டு மணிக்குப் புளிக்காமல் சரியாக இருக்கும். ரசம் மட்டும் கடைசி. கொதிக்கவிடாமல் நுரை கட்டியதும் இறக்கி, நேராகப் பெரிய ஃபிளாஸ்க்கில்.

[காட்சி: மேலிருந்து மேசைகள். சாப்பாட்டு வரிசையை அம்புக்குறி காட்டுகிறது.]

மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். நிமிடத்துக்கு மூன்று பேர் தட்டை நிரப்பினாலும் கடைசி ஆளுக்கு இருபது நிமிடம். மேசையை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் கரண்டி வைத்தால் அது பாதியாகும். சைவ மேசை தனியாக, கொஞ்சம் தள்ளி. பாயசத்தையும் ரசத்தையும் வேறு மூலைக்கு மாற்றுங்கள், அங்கே டம்ளரோடு நிற்பவர்கள் வரிசையை மறிக்கமாட்டார்கள். தட்டு ஆரம்பத்தில், தண்ணீரும் டிஷ்யூவும் கடைசியில். பாக்குமட்டைத் தட்டு பத்து அங்குலம் போதும், பெரிய தட்டு கொடுத்தால் நிரப்பத்தான் கை போகும். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் மேசை விரிப்பும் 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடை.

பிரியாணிக்கும் கோழிக்கும் வீட்டு ஆள் ஒருவர் கரண்டியோடு நிற்கட்டும். கறி முதல் இருபது தட்டிலேயே தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒரு காரணம். இன்னொன்று, நம் ஊரில் "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க" என்று யாராவது சொல்லாமல் சாப்பிட்டால் விருந்துக்குப் போன மாதிரியே இருக்காது. வயதானவர்களை வரிசையில் நிற்கவிடாதீர்கள். எட்டு மணிக்கு முன்பே உட்காரவைத்துப் பரிமாறிவிடுங்கள். புளியோதரையில் நிலக்கடலை, பாயசத்தில் முந்திரி இருப்பதை அட்டையில் எழுதி வையுங்கள்.

பஃபே பாத்திரத்தின் அடியில் எரியும் ஜெல், சாப்பாட்டைச் சூடாக்காது. இருக்கிற சூட்டைத் தக்கவைக்கும், அவ்வளவே. கீழ்த்தட்டில் கொதிக்கும் நீரை ஊற்றி, சாப்பாட்டையும் நல்ல சூட்டில் மாற்ற வேண்டும். 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே, அல்லது 5 டிகிரிக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும், அந்த வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். முதலில் பாதி, அது தீர்ந்ததும் பாத்திரத்தையே மாற்றி மறுபாதி. பழையதன் மேல் புதியதைக் கொட்டினால் அடியில் கிடப்பது கடைசிவரை அடியிலேயே கிடக்கும். தயிர் வடைக்கு இது இன்னும் கறாராக.

மழையைச் சொல்லாமல் விட முடியாது. ஐப்பசி, வடகிழக்குப் பருவமழை. சாமியானா தூறலுக்குத் தாங்கும், அடைமழைக்குத் தாங்காது. கூடத்திலும் வாசல் வராந்தாவிலும் மேசை எங்கே போடுவது என்று முதலிலேயே அளந்து வைத்துவிடுங்கள். நம் மெனுவில் கடைசி நேரத்தில் பொரிக்கிற பதார்த்தம் எதுவும் இல்லை என்பதால், மாடியிலிருந்து கீழே இறக்குவது பாத்திரங்களை மட்டும்தான்.

பத்து மணிக்கு மூடி போடும் நேரம். மிச்சமான பிரியாணியை அண்டாவிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வெந்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் ஒரு வகை பாக்டீரியா, வெளியே கிடக்கும் நேரத்தில் நஞ்சை உண்டாக்கும். காலையில் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சூடாக வைத்திருந்ததைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து, சின்ன டப்பாக்களில் ஃபிரிட்ஜுக்கு. புளியோதரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். மேசையில் இருந்த தயிர் வடையையும் தயிர்சாதத்தையும் யாருக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள். அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். கரண்டிகளை எண்ணி ஒரு பையில் போடுங்கள், வாடகைக் கடைக்காரர் காலையில் எண்ணித்தான் வாங்குவார்.