வார்ப்புக்கூட்டின் முதல் பூச்சு: காவிரி வண்டலின் பக்கம் நின்று ஒரு வாதம்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் வெண்கலத்தில் வார்க்கும் தெய்வச் சிலைகளைப் பற்றியது இந்த வழக்கு. "சுவாமிமலைத் திருமேனிகளை வாழவைப்பது சிற்பியின் கைத்திறனா, காவிரியின் வண்டலா?" என்பது தலைப்பு. வண்டலே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். தாளமானம் என்ற சிலை அளவு முறை கைவந்த ஸ்தபதி, அதாவது சிற்பி, எந்த மண்ணிலும் வார்ப்பார் என்றார். ஒரு சிலையின் விலைப்பட்டியலில் மண்ணுக்கென்று ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டார். மண் தீர்ந்தால் தீரட்டும், தொழிற்சாலைப் பூச்சு வந்துவிட்டது என்று முடித்தார். மூன்றுக்கும் பதில் உண்டு. அந்தப் பதில் பட்டறைக்குள்தான் இருக்கிறது என்பதால், முதலில் அங்கே போய்விடுவோம்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியதுதான் சிலை மெழுகு. எண்ணெய் கூடினால் உரு துவண்டுவிடும். குங்கிலியம் கூடினால் விரல் நுனி உடையும். தென்னங்கீற்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவுக்குறி போட்டு, பெருந்தெய்வ உருவங்களுக்குரிய உத்தம தசதாள அளவு என்றால் 124 பாகமாகப் பகுத்து, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று மெழுகில் உரு எழுப்புகிறார் ஸ்தபதி. இதுவரை கைத்திறன்தான். நடுவர் அவர்களே, இதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மெழுகுரு கோயிலுக்குப் போவதில்லையே! அது உருகி ஓடிவிடும். ஸ்தபதி மெழுகில் செய்த அத்தனை வேலையையும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு உலோகத்திடம் ஒப்படைப்பது மண்.

அந்த மண் கட்டும் முறையைப் பாருங்கள். முதல் பூச்சு காவிரிப் படுகையில் எடுத்த வண்டல். அதை நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அரைத்த உமிக்கரி சேர்த்துக் குழைத்து, ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கனத்துக்கு மெழுகின்மேல் தடவுகிறார்கள். அது நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி, பூச்சு விட்டுப்போகும். அதன்மேல் வயல் களிமண்ணும் மணலும் கலந்த இரண்டாம் பூச்சு. அதற்கும் மேல் பருமணல் கூடிய கனத்த பூச்சு. பெரிய உருவென்றால் இரும்புக் கம்பி கட்டி இறுக்கி, மறுபடி மண். உலோகம் இறங்க ஒரு வாயும், காற்று வெளியேறக் குழல்களும் முன்பே மெழுகுத் தண்டுகளாக வைக்கப்பட்டிருக்கும். நன்றாகக் காய்ந்த கூட்டை வரட்டி அடுக்கிச் சுட்டு மெழுகை வடித்துவிட்டு, கூடு சூடாக இருக்கும்போதே குழியில் இறக்கி, சுற்றி மணல் கெட்டித்து, உருகிய உலோகத்தை நூல் அறாமல் ஊற்றுகிறார்கள். மெழுகின் எடையைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு உலோகம் பிடிக்கும். 2 கிலோ மெழுகுருவுக்கு 18 கிலோ, வாய்க்கும் குழலுக்கும் தங்குவது தனி.

இனி முதல் வாதத்துக்கு வருகிறேன். "எந்த மண்ணிலும் வார்ப்பார்" என்றார்கள். எப்படி வார்ப்பார்? வெறுங்களியைப் பூசினால் காயும்போது சுருங்கிப் பிளக்கும். பிளவுக்குள் உலோகம் பாய்ந்து, திருமுகத்தில் தகடு தகடாகச் சிறகு முளைத்து வரும். மணல் கூடிய மண்ணைப் பூசினால் உலோகம் மணல் இடுக்கில் புகுந்து, தோல் சொரசொரத்துவிடும். காற்று புகாத மண்ணென்றால் உள்ளே அடைபட்ட ஆவி குமிழியாகத் தங்கி, தோளிலோ தொடையிலோ குழி விழும். நுண்மை வேண்டும், ஆனால் சுருங்கக்கூடாது. இறுக வேண்டும், ஆனால் மூச்சு விட வேண்டும். செம்பு உருகுவது 1085 டிகிரியில்; அந்தச் சூட்டைத் தாங்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இத்தனை குணங்களையும் வண்டல் தருகிறதென்றால், குடகு மலையிலிருந்து உருண்டு, அரைபட்டு, வழியெல்லாம் பருமணலை உதிர்த்துவிட்டு, மிக நுண்ணியதை மட்டும் சமவெளிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஆற்றின் சலித்தெடுக்கும் வேலை அது. அந்த வேலைக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

இந்த இடத்தில் சமணத் திருமேனியை எடுத்துக்கொள்ளுங்கள். நடராசருக்கு விரிசடை உண்டு, அணிகள் உண்டு, ஆடை மடிப்பு உண்டு. சிறு ஊசித்துளை விழுந்தால் உளி வேலையில் அதை மறைத்துவிடலாம். கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கும் காயோத்சர்க்க நிலையில் உள்ள தீர்த்தங்கரருக்கு, அதாவது சமணர் வணங்கும் அருகருக்கு, அணி இல்லை, திகம்பர மரபில் ஆடையும் இல்லை. தோள் தொடங்கி முழங்கால் வரை வெற்று மேனி. அங்கே ஒரு துளை விழுந்தாலும் கண்ணில் படும். அரம் போட்டுத் தேய்த்தால் மேனியின் வளைவே மாறிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. அவர் கைகள் உடலைத் தொடாமல் தொங்குகின்றன. கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய சந்தில் நாக்குப்போல ஒரு மண் துண்டுதான் நிற்கிறது. 18 அங்குலச் சிலையில் அந்த நாக்கு விரல் கனம்கூட இருக்காது. சுடும்போது அது விரிசல் விட்டாலோ, உலோகம் மோதும்போது முறிந்தாலோ கையும் உடலும் ஒட்டிக்கொண்டு வரும். அதை மறுபடி உருக்குவதைத் தவிர வழியில்லை. சமணப் படிமத்தில் சிற்பியின் கைக்கு ஒளிய இடமே கிடையாது. முழுப் பாரமும் மண்ணின்மேல் விழுகிறது. விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் கோயில்களில் உலோகத் திருமேனிகளைப் பார்க்கும்போது அந்தக் கைச்சந்தைப் பார்த்து வாருங்கள்.

கைத்திறனே போதுமென்றால், தாராசுரத்தில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் வேலைக்கு வந்த சிற்பிகளின் வழியினர் சுவாமிமலையில் ஏன் குடியேற வேண்டும்? காவிரி மண்ணுக்காகத்தான் வந்தோம் என்பது ஸ்தபதி குடும்பங்களே வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கை மண்ணைத் தேடி வந்தது. 2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத மண்டபத்தின்முன் நிறுத்திய 27 அடி, 18 டன் நடராசரும் சுவாமிமலையில் மெழுகுருவாகி, காவிரி மண் கட்டி வார்த்தவர்தான். வேலை கொடுத்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள். வார்ப்பு மட்டும் மண் இருக்கும் ஊரில்தான் நடந்தது.

இரண்டாவது வாதம் விலை. செம்புக்கு விலை இருக்கிறது, மெழுகுக்கு இருக்கிறது, கூலிக்கு இருக்கிறது, மண்ணுக்கு இல்லை; ஆகவே மண்ணுக்கு மதிப்பில்லை என்றார்கள். அவையோரே, இந்தக் கணக்கால்தான் உலகம் முழுக்க ஆறும் காடும் அழிகின்றன. சூழலமைப்புகளின் பொருளாதாரத்தைக் கணக்கிடும் ஒரு பன்னாட்டு ஆய்வு 2007இல் தொடங்கி, பவன் சுக்தேவ் என்ற இந்தியப் பொருளியலாளர் தலைமையில் நடந்தது. இயற்கை செய்யும் வேலை கணக்கேட்டில் ஏறாததால் அதை இழக்கும்போது இழப்பும் ஏறுவதில்லை என்பது அதன் அடிப்படைச் செய்தி. சந்தையில் விலை இல்லாத ஒன்றை மதிப்பிட அந்தத் துறையில் ஒரு நேரான வழி உண்டு: அது இல்லாமற்போனால் அதே வேலையை வேறெதைக் கொண்டு, என்ன செலவில் செய்வாய் என்று கேட்பது. மாற்றுச் செலவு முறை என்று பெயர்.

அந்தக் கேள்வியைக் கேட்டால் எதிரணியின் மூன்றாவது வாதமே எனக்குச் சாட்சியாகிவிடுகிறது. தொழிற்சாலைப் பூச்சு என்கிறார்களே, அது என்ன? கூழ்நிலைச் சிலிக்காக் கரைசலில் மெழுகுருவை முக்கி, அதன்மேல் சுடுமண் பொடி தூவி, காயவைத்து, மறுபடி முக்கி, இப்படிப் பல சுற்று. பிறகு நீராவிக் கலனிலோ உயர்வெப்ப உலையிலோ மெழுகை விரைந்து வெளியேற்ற வேண்டும். மெதுவாகச் சுட்டால் மெழுகு விரிந்து ஓடு வெடிக்கும். சிறு பொருளுக்கு அருமையான முறை, மறுக்கவில்லை. பெரிய உருவங்களைக் கலைப்பட்டறைகள் பல துண்டாக வார்த்துப் பற்றவைக்கின்றன. வழிபாட்டுத் திருமேனியைப் பற்றவைக்க முடியுமா? பீடமும் திருவாசியும் தனியே வார்த்துப் பொருத்தலாம். மேனி ஒரே வார்ப்பில் வர வேண்டும். கரைசல், பொடி, கலன், உலை, மின்சாரம் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைதான் இன்றுவரை காவிரி ஒவ்வொரு பட்டறைக்கும் இனாமாகக் கொடுத்துவரும் தொகை. ஏரி வண்டல் இருக்கிறதே என்றும் கேட்கலாம். ஏரி மண்ணில் களி மிகுதி. வெளிப்பூச்சுக்கு ஆகும், முகத்தைத் தொடும் முதல் பூச்சுக்கு ஆகாது.

வண்டல் தனியாகவும் வரவில்லை. குங்கிலியம் காட்டு மரத்தின் பிசின். மெழுகு தேனீயின் உழைப்பு. உமிக்கரி நெல் வயலின் மிச்சம். வரட்டிக்கு மாடு வேண்டும். டிராக்டர் வந்து உழவுமாடு குறைந்த ஊரில் வரட்டியும் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. இனாமாக வந்தது எப்படி விலைப்பட்டியலில் ஏறுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இப்போது அந்த வண்டலுக்கு என்ன ஆகிறது? 1931இல் முடிந்த கிருஷ்ணராஜசாகரும் 1934இல் முடிந்த மேட்டூரும் நீரைத் தேக்குகின்றன. தேங்கிய நீரில் வண்டல் அடியில் படிந்துவிடும். மதகு வழியே தெளிந்த நீர் வரும். அணைகள் பாசனத்துக்கு வேண்டியவை, அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் கீழே எஞ்சியிருக்கும் வண்டலையாவது படுகையில் தங்கவிட வேண்டாமா? மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடி இறங்கிவிட்டால், வெள்ளம் அந்த ஆழமான தடத்திலேயே ஓடிப் போய்விடுகிறது. கரையேறிப் படுகையில் பரவினால்தான் நீரின் வேகம் தணிந்து நுண்மண் படியும். பரவாத வெள்ளம் வண்டலைக் கடலுக்குக் கொண்டுபோகும். 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தபோதும், முக்கொம்பில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோதும், மணல் அள்ளி ஆறு ஆழமானதைக் காரணங்களில் ஒன்றாகப் பலரும் சுட்டிக்காட்டினார்கள். பாலம் விழுந்தால் செய்தி வருகிறது. படுகையில் அந்த ஆண்டு வண்டல் படியவில்லை என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

மணல் குவாரிக்கு அனுமதி தரும்போது ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று உரிமத்தொகை வாங்குகிறார்கள். அதில் வண்டல் இழப்பு இல்லை, நிலத்தடி நீர் இறங்கும் இழப்பு இல்லை, ஒரு வார்ப்புத் தொழிலின் மூலப்பொருள் போன இழப்பும் இல்லை. சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறோம். அந்தக் குறியீடு ஊருக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஊரில் மண் இல்லாவிட்டால் குறியீட்டை எதன்மேல் ஒட்டுவது?

நடுவர் அவர்களே, பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன, கை தழைக்கும். அதை எதிரணியினரே பெருமையாகச் சொன்னார்கள். நான் கேட்பது இரண்டே. சுவாமிமலையைச் சுற்றி வார்ப்பு மண் எடுக்கும் படுகைகளை அளந்து குறித்து, அங்கே மணல் குவாரிக்கு இடம் தரக்கூடாது. மற்ற இடங்களில் குவாரிக் கணக்கு போடும்போது, வண்டலின் மாற்றுச் செலவையும் ஒரு வரியாக எழுத வேண்டும். அந்த வரியை எழுதிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.