பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே

வணக்கம், நேயர்களே.

ஆசிரியர் பயிற்சியில் இருந்துகொண்டு, முதல் தடவையாகச் சின்னக் குழந்தைகளின் வகுப்புக்குள் போகப்போகிறவர்களோடு கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஆறேழு வயது வரையிலான குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி ஆசிரியர்கள் பாடம் நடத்தும்போது வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. அப்படிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்திருக்கிறது. வகுப்பு கைநழுவிப் போவது பெரும்பாலும் பாடத்தின் நடுவில் அல்ல. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கிற இரண்டு மூன்று நிமிடத்தில்தான்.

நீங்கள் எழுதிய பாடக்குறிப்பை எடுத்துப் பாருங்கள். கதை பத்து நிமிடம், படம் வரைதல் இருபது நிமிடம் என்று இருக்கும். கதை கேட்ட வட்டத்திலிருந்து குழந்தைகள் எழுந்து, மேசைக்குப் போய், தாளும் கிரேயானும் கையில் வாங்குகிற நேரத்துக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் அந்த நேரம் எப்படிப் போகும் தெரியுமா? "எல்லாரும் போய் உட்காருங்க" என்றதும் இருபது பேரும் ஒன்றாக எழுந்திருப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரே நாற்காலிதான் வேண்டும். நீங்கள் தாள் கொடுத்துக்கொண்டே மூன்றாவது மேசைக்கு வருவதற்குள் முதல் மேசையில் தாள் ராக்கெட்டாகியிருக்கும். கிரேயான் பெட்டி அலமாரிக்கு மேலே இருக்கிறது. அதை எடுக்க முதுகைத் திருப்புகிறீர்கள். சரியாக அப்போது பார்த்து ஒருவன் மேசைக்கு அடியில் புகுந்துவிடுவான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர். நீங்கள் குரலை உயர்த்துவீர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் குறிப்பேட்டில் ஏதோ எழுதுவேன், அதைப் பார்த்து உங்களுக்கு இன்னும் பதற்றம் வரும். இதில் குழந்தைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் இதைப் பற்றிச் செய்த ஆய்வு 1970இல் வெளிவந்தது. ஆசிரியர் ஒரு குழந்தையை அதட்டினால் மற்றவர்களிடம் அது என்ன விளைவை உண்டாக்குகிறது என்று பார்க்கத்தான் அவர் தொடங்கினார். எப்படி அதட்டினாலும் வகுப்பின் ஒழுங்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் அதட்டுவதற்கு முன்னால் ஆசிரியர் செய்ததில் இருந்தது. வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியும் என்பதைக் குழந்தைகளுக்கு உணர்த்துவது, ஒருவரோடு பேசிக்கொண்டே இன்னொரு பக்கத்தையும் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு இழுவை இல்லாமல் நகர்த்துவது. இந்த மூன்றும் பழகப் பழக வருபவை. குணத்தோடு பிறந்து வருபவை அல்ல. "எனக்கு இயல்பாகவே கண்டிப்பு வராது சார்" என்று சொல்கிற பயிற்சி ஆசிரியர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? தாளும் கிரேயானும் கதை தொடங்குவதற்கு முன்பே மேசைமேல் போய்விடட்டும். வட்டத்திலிருந்து எல்லாரையும் ஒரே சமயத்தில் அனுப்பாதீர்கள். நாலைந்து பேராக அனுப்புங்கள். "இந்த மாதம் பிறந்தநாள் வர்றவங்க போகலாம்", "பேர்ல 'ம' இருக்கிறவங்க போகலாம்" என்று சொன்னால் மிச்சம் இருப்பவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போனதும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எழுந்த பிறகு சொல்வது ஒரு காதிலும் விழாது.

விளையாட்டை நிறுத்தும்போதும் இதே கதைதான். கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் திடீரென்று "எடுத்து வை" என்றால் அது அழும். பெரியவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது பேனாவைப் பிடுங்கினால் நாமும் கோபப்படத்தானே செய்வோம்? கொஞ்சம் முன்னாடியே சொல்லிவையுங்கள். ஆனால் "இன்னும் ஐந்து நிமிடம்" என்பதில் நாலு வயதுக்காரருக்கு ஒன்றும் விளங்காது. "இன்னும் நாலு கட்டை வைக்கலாம், அப்புறம் பெட்டியில போடணும்" என்றால் விளங்கும். எண்ணி எண்ணி வைப்பார்கள். அஞ்சாவது கட்டைக்குப் பேரம் பேசுகிறவர்களும் உண்டு. ஒன்று கூடக் கொடுத்தால் குடி முழுகிவிடாது.

குழந்தைகளிடம் பேசுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிற்சி ஆசிரியர்கள் மரியாதையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேள்வியாக்கிவிடுகிறார்கள். "இப்ப எல்லாத்தையும் எடுத்து வைக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். "வேணாம்" என்று பதில் வருகிறது. கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள், இனி நீங்கள் என்ன செய்வீர்கள்? வேறு வழி இல்லாத இடத்தில் கேள்வி கேட்காதீர்கள். "இப்ப எடுத்து வைக்கிற நேரம். நீ கட்டையை எடுக்கிறியா, பொம்மையை எடுக்கிறியா?" என்று கேளுங்கள். அதேபோல, செய்யக்கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்வது நல்லது. "ஓடாதே" என்பதில் ஓடாமல் என்ன செய்வது என்ற தகவல் இல்லை. "நடந்து போ" என்பதில் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு கட்டளை, கூடிப்போனால் இரண்டு. பையை மாட்டி, கையைக் கழுவி, வரிசையில் நின்று, வாயில் விரலை வை என்று அடுக்கினால் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் நடக்கும். வகுப்பு முழுக்கக் கை கழுவாமல் வாயில் விரல் வைத்து நிற்கும்.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் தொடக்கப்பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்து, 1970களில் ஒன்றைக் காட்டினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறொருவரிடம் போய்விடுகிறார்கள், அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத குழந்தைகளும் பேசினார்கள். மூன்று வினாடிதானே என்று தோன்றும். வானொலியில் நான் மூன்று வினாடி பேசாமல் இருந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பதறி எழுந்துவிடுவார். வகுப்பிலும் அவ்வளவு நீளமாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். கண் கூரைக்குப் போகும், உதடு சத்தமில்லாமல் அசையும், ஒரு விரல் மடங்கும். பதில் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு "மிஸ், மிஸ்" என்று துள்ளுகிறவரை ஒரு சைகையால் நிறுத்திவையுங்கள்.

பாராட்டு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. ஸ்டிக்கரைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தானாகவே ஆசையாகப் படம் வரைகிற மழலையர்களில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்களும் வரைந்து வாங்கிக்கொண்டார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, இவர்கள் மற்றக் குழந்தைகள் செலவழித்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைதலில் செலவழித்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. பிடித்துச் செய்கிற வேலைக்குக் கூலி பேசாதீர்கள் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். படத்தைக் கொண்டுவந்து காட்டினால் "சூப்பர்" என்று அனுப்பிவிடாமல், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "மஞ்சளுக்கு மேல நீலம் தேய்ச்சிருக்க. இந்த ஓரம் பச்சையா வந்திருக்கு பாரு." அந்தக் குழந்தை உடனே குனிந்து தன் படத்தையே மறுபடி பார்க்கும். "இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது அம்மாவாக இருக்கும், நீங்கள் யானை என்று நினைத்திருப்பீர்கள். "இதைப் பத்திச் சொல்லு" போதும்.

வகுப்பாசிரியரைப் பற்றி. அது அவருடைய வகுப்பு, நீங்கள் விருந்தாளி. முதல் நாளே சில விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன ஒவ்வாமை, யாருக்குக் கழிப்பறையில் உதவி வேண்டும், யாரை யார் கூட்டிப் போக வரலாம், யார் வரக்கூடாது. அப்புறம், வகுப்பை அமைதியாக்க அவர் என்ன சைகை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். கைதட்டலோ மணியோ பாட்டோ எதுவானாலும் அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். உங்கள் கல்லூரியில் கற்ற புதிய சைகையை நடுவில் கொண்டுவந்தால் குழந்தைகளுக்குக் குழப்பம், அவருக்கு எரிச்சல். "எங்க மிஸ் இதுக்கெல்லாம் விடுவாங்க" என்று ஒரு குழந்தை கட்டாயம் சொல்லும். "அப்படியா, மிஸ்கிட்டயே கேட்டுடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, உண்மையாகவே கேட்டுவிடுங்கள்.

அவரிடம் "நான் எப்படி நடத்தினேன்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருந்தது" என்று பொதுவாகத்தான் பதில் வரும். "நான் இடது பக்க மேசைகளைப் பார்க்கிறேனா என்று மட்டும் கவனியுங்கள்" என்று முன்னாடியே கேட்டுக்கொண்டால் உருப்படியாக ஏதாவது கிடைக்கும். இன்னொன்று, விடிய விடிய உட்கார்ந்து அட்டையில் வெட்டி ஒட்டிக் கற்பித்தல் கருவி செய்கிற பழக்கம். பாதி, மதிப்பெண் போடுகிற எங்களுக்காகத்தான் செய்யப்படுகிறது என்பது எங்களுக்கும் தெரியும். தூங்கி எழுந்து தெளிவான முகத்தோடு வாருங்கள்.

ஒரு குழந்தை வட்டத்துக்கு வராமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் உடனே கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932லேயே குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதையும், பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே ஒரே மாதிரி விளையாடுவதையும் தனி வகைகளாகவே சேர்த்தார். பார்ப்பதும் கலந்துகொள்வதில் ஒரு விதம்தான். இடம் விட்டு உட்காருங்கள், அழைத்துக்கொண்டும் இருக்க வேண்டாம். காலையில் வாசலில் அழுகிற குழந்தை வேறு விஷயம். அதன் உயரத்துக்கு மண்டியிட்டு, "அம்மா போனது கஷ்டமா இருக்கு, இல்ல?" என்று ஒரே வாக்கியம் சொல்லி, கையில் ஒரு சின்ன வேலை கொடுங்கள். மீனுக்குத் தீனி போடுவது, பென்சில்களை டப்பாவில் அடுக்குவது, இப்படி ஏதாவது. "அழக்கூடாது, நீ பெரிய பையன்ல" என்பதால் அழுகை நின்று நான் பார்த்ததில்லை.

ஒருவர் இன்னொருவரை அடித்தாலோ கடித்தாலோ முதலில் அடிபட்டவரிடம் போங்கள். விசாரணை அப்புறம். கட்டாயப்படுத்தி "சாரி" சொல்ல வைப்பதால் வேலை முடிந்தது என்ற நிம்மதி நமக்குக் கிடைக்கும், வேறு யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. நடந்ததை அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பெற்றோரிடம் பேச வேண்டியவர் அவர்தான்.

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தரையில் உட்கார்ந்து எழ வசதியான உடை. குடிக்கத் தண்ணீர் எப்போதும் பக்கத்தில். தொண்டை கட்டிக்கொள்வது ஆசிரியர்களிடம் மிகவும் சாதாரணம், அதனால் சத்தத்துக்கு மேல் சத்தம் போடாதீர்கள். குரலைத் தாழ்த்தினால் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் அமைதியாவார்கள், அது பரவும். முதல் சில வாரம் சளி பிடித்தால் ஆச்சரியப்பட வேண்டாம், கையை அடிக்கடி கழுவுங்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தலையை எண்ணுங்கள். கதவு மூடிய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்காதீர்கள். குழந்தைகளை உங்கள் கைபேசியில் படம் எடுக்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். பதினைந்து நிமிடத்துக்கு எழுதிய பாடம் ஆறு நிமிடத்தில் முடிந்துபோகும் நாள் வரும். அதற்காக ஒரு விரல்பாட்டு, ஒரு விடுகதை, பொருள் எதுவும் தேவைப்படாத ஒரு விளையாட்டு ஆகியவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்து கிளம்புவதும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற நேரம்தான். அதையும் திட்டமிட வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் "நாளைக்கு நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில நாள் முன்னாடியே சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் நாட்களுக்குக் கட்டம் வரைந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நாளும் ஒருவரை வைத்து ஒரு கட்டத்தை அடிக்கச் சொல்லுங்கள். "திரும்பி வருவீங்களா?" என்று கேட்பார்கள். வரப்போவதில்லை என்றால் வருவேன் என்று சொல்லாதீர்கள். நாளைக்குக் கதை யார் சொல்வார்கள் என்றுதான் பெரும்பாலும் அடுத்த கேள்வி வரும். அதற்கான பதிலை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, கதை சொல்லப்போகிறவரின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.