1978: கண்ணைவிட்டுப் போகாத முகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டில் உங்களுக்குப் பிடித்த படங்களையும் நடிப்பையும் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை, 1978 என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கையில் காசு இருக்காது, ஆனால் வாரம் ஒரு படமாவது பார்த்துவிடுவேன்.

அந்த வருடப் பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பே அவர் முதலமைச்சராகிவிட்டார். கதாநாயகனாக அவர் நடித்து வெளிவந்த கடைசிப் படம் அது. ஒரு பெரிய காலம் ஜனவரியில் முடிந்தது. ஆகஸ்டில், ஐந்தே நாள் இடைவெளியில், 10ஆம் தேதி ‘கிழக்கே போகும் ரயி’லும் 15ஆம் தேதி ‘முள்ளும் மலரும்’ படமும் வந்தன.

‘கிழக்கே போகும் ரயில்’ பாரதிராஜாவின் இரண்டாவது படம், ராதிகாவுக்கு முதல் படம். ஊரைவிட்டுப் போன காதலன் ரயில் பெட்டியின் முதுகில் எழுதி அனுப்பும் சேதியைப் பாஞ்சாலி தேடிப் படிப்பாளே, அந்த ஆவலும் ஏமாற்றமும் அப்படியே அந்தப் பெண்ணின் முகத்தில் தெரியும். புதுமுகம் என்ற கூச்சம் துளிகூட இருக்காது. ஆனாலும் எனக்கு முதல் இடம் ‘முள்ளும் மலரும்’தான்.

உமாசந்திரன் கல்கியில் எழுதிய நாவல் அது. இயக்கிய மகேந்திரனுக்கு அதுதான் முதல் படம். ‘தங்கப்பதக்கம்’ எழுதிய கை என்பதால், கொட்டகையில் எல்லோரும் வசனத்துக்காகக் காத்திருந்தோம். அவரோ பேச்சைக் குறைத்து, முகங்களைக் காட்டினார். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவில் மலைக்காற்றின் ஈரம்கூட நம்மேல் படுகிற மாதிரி இருந்தது. கூடவே இளையராஜா.

மலையில் கம்பி வடத்தால் இழுக்கப்பட்டு ஏறி இறங்கும் விஞ்ச் வண்டியை ஓட்டும் காளியாக ரஜினிகாந்த். அவருடைய வேகத்தையும் கோபத்தையும் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அவர் தோற்று நிற்கும் இடங்களைப் பற்றி. லாரி ஏறி ஒரு கையை இழந்தபிறகு, அந்த உடம்பு முழுவதும் வேறு மாதிரி ஆகிவிடும். நடையில் பழைய திமிர் இருக்கும், ஆனால் அதை ஒரு பக்கம் மட்டுமே தாங்கும். அவ்வளவு பெரிய ரோஷக்காரன், தங்கை எதிரில் வந்தால் மட்டும் சின்னப் பையனாகிவிடுவான். இதை வசனம் சொல்லாது, அவர் கண் சொல்லும்.

அந்தத் தங்கை வள்ளியாக வந்தவர் ஷோபா. படம் வெளியானபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அண்ணனுக்குப் பிடிக்காத என்ஜினியரைக் கல்யாணம் செய்துகொள்ள ஊரோடு கிளம்பிவிட்டாள் வள்ளி. அண்ணி மங்காவும் அவள் பக்கம்தான் நிற்கிறாள். வழியில் அண்ணன் தன்னந்தனியாக நிற்கிறான். அவள் நின்று பார்க்கிறாள். பிறகு அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவனிடம் ஓடிவருகிறாள். அது போதும் காளிக்கு. அவனே அவளை அழைத்துப்போய், இப்பவும் உங்களைப் பிடிக்கவில்லை என்று அந்த மாப்பிள்ளையிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தங்கையைக் கொடுக்கிறான்.

நான் அந்தப் படத்தை என் அக்காவோடு பார்த்தேன். பெண்கள் பக்கம் தனி என்பதால் படம் முடிந்து வெளியே வந்துதான் அவள் முகத்தைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மைல் நடை. மறுநாள் காலை எனக்குத் தோசை வார்த்துப் போடும்போது, “அவ ஓடி வராம இருந்திருந்தா அவன் விட்டிருப்பானாடா?” என்று கேட்டாள். இத்தனை வருடமாக எனக்குப் பதில் தெரியவில்லை. பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண் தன் ஆசையைக் கையில் எடுத்து, அதை அண்ணன் காலடியில் வைத்த பிறகுதான் அது அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஷோபா ஓடிவரும்போது அன்போடு ஒரு பயமும் அந்த முகத்தில் இருக்கும். அடுத்த வருடம் வந்த ‘பசி’க்குத் தேசிய விருது வாங்கினார். 1980 மே மாதம் போய்விட்டார். பதினேழு வயது.

அந்த வருடத் தீபாவளிக்கு வருகிறேன். ஒரே வாரத்தில் கமல்ஹாசனின் இரண்டு படங்கள். ‘சிகப்பு ரோஜாக்க’ளில் பெண்களை வெறுத்துக் கொல்கிறவர். ‘அவள் அப்படித்தா’னில் பெண்களைப் புரிந்துகொள்ள ஆவணப்படம் எடுக்கிற அருண். முதல் படத்துக்குக் கூட்டம் நெரிந்தது. இரண்டாவதற்கு எங்கள் ஊரில் நான் போன அன்று முப்பது பேர் இருந்தால் அதிகம். கறுப்பு வெள்ளைப் படமா என்று பாதியில் எழுந்து போனவர்களும் உண்டு. எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ருத்ரய்யா இயக்கிய முதல் படம் அது. மொத்தமே இரண்டு படம்தான் இயக்கினார் அவர். மஞ்சுவாக ஸ்ரீப்ரியா. 1978இன் சிறந்த நடிப்பு எது என்று ஒன்றே ஒன்றைக் கேட்டால், நான் அவரைத்தான் சொல்வேன். முந்தைய வருடம் ‘ஆட்டுக்கார அலமேலு’வில் ஊரே கொண்டாடிய நடிகை. அதே 1978இல் ‘பைரவி’யிலும் ‘இளமை ஊஞ்சலாடுகிறது’ படத்திலும் இருக்கிறார். அப்படிப்பட்டவர் இதில் ஒரு இடத்தில்கூட நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. மஞ்சு கோபக்காரி, சட்டென்று மாறுகிறவள், நம்பி நம்பி அடிபட்டவள். அருணிடம் பழைய கதையைச் சொல்லும்போது ஸ்ரீப்ரியா அழுது காட்டுவதில்லை. சொல்லிக்கொண்டே அவன் முகத்தைக் கவனிக்கிறார், இவனும் நம்மை அளக்கிறானா என்று.

பெண்ணைப் பற்றி மட்டமாகப் பேசும் தியாகுவாக ரஜினி. காளியைத் தந்து மூன்று மாதம் ஆகவில்லை. பார்ப்பவர் தன்னை வெறுப்பார்களே என்று அவர் துளியும் தயங்கவில்லை. கமலின் அருண் நல்லவன், ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் துணிவில்லாதவன். கடைசியில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். காரில் போகும்போது மஞ்சு அந்தப் புது மனைவியிடம் பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறாள். எனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறாள் அந்தப் பெண். அதனால்தான் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று மஞ்சு சொல்லும் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே அவளைப் பார்த்து ஏங்குகிற மாதிரி இருக்கும். பிறகு நடுரோட்டில் இறங்கிக்கொள்கிறாள். கார் போய்விடுகிறது.

பாலசந்தரின் ‘நிழல் நிஜமாகிறது’ அந்த வருடம் மார்ச்சிலேயே வந்தது. அதிலும் ஷோபா இருக்கிறார். பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள்.

இந்த உரைக்குப் பிறகு ‘முள்ளும் மலரும்’ படத்தின் ‘செந்தாழம் பூவில்’ ஒலிபரப்பாகும். கண்ணதாசன் எழுதி ஜேசுதாஸ் பாடியது. கமல்ஹாசன் கைகொடுத்ததால்தான் அந்தப் பாட்டைப் படமாக்க முடிந்தது என்று மகேந்திரன் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்த என்ஜினியராக வரும் சரத்பாபு ஜீப் ஓட்டிக்கொண்டு பாடுவார், வள்ளியும் கூட வருவாள். மலைப்பாதை, பனி, அந்தப் பெண்ணின் முகம். தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அக்கா, நீயும் வானொலிப் பெட்டி பக்கத்தில்தான் இருப்பாய் என்று தெரியும். இது உனக்காகத்தான் கேட்டு வாங்கினேன்.

வணக்கம்.