எடின்பரோ கேட்கும் ஐந்து சதவீதம் நியாயமே!

நடுவர் அவர்களே! "ஊர் பார்க்க வந்தவரிடம் வரி கேட்பது, விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காசு கேட்பது மாதிரி" என்று சொல்லி எதிரணி நண்பர் கைதட்டல் வாங்கிவிட்டார். நான் கொண்டு வந்திருப்பது கணக்கு. கணக்குக்குக் கைதட்டல் குறைவாகத்தான் விழும், பரவாயில்லை.

வழக்கு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் மாநகராட்சியுடையது. வந்து தங்குவோரிடம் மாநகராட்சிகள் வரி வாங்கலாம் என்று 2024இல் ஸ்காட்லாந்து சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் மாநகராட்சி தீர்மானம் போட்டது. 2026 ஜூலை 24 முதல் தங்குவோருக்கு அறை வாடகையில் 5 சதவீதம்.

ஒரு ரசீதைப் பிரித்துப் பார்ப்போம். வாட் வரி நீங்கலாக இரவுக்கு 100 பவுண்டு அறை, 7 இரவு. வரி முதல் 5 இரவுக்கு மட்டும்தான். ஆக 500க்கு 5 சதவீதம், 25 பவுண்டு. காலை உணவும் கார் நிறுத்தக் கட்டணமும் கணக்கில் வராது. விடுதிக்காரர் அந்த 25இல் 2 சதவீதத்தை, அதாவது 50 பென்ஸை, நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். இதற்கா ஐயா பயணி ஊரை விட்டு ஓடுவார்? ஆம்ஸ்டர்டாமில் 12.5 சதவீதம் வாங்குகிறார்கள்!

"இரவுக்குத் தலைக்கு 2 பவுண்டு என்று வைத்தால் சுலபமாயிற்றே" என்றார்கள். சுலபம்தான். 20 பவுண்டு கட்டிலில் படுக்கும் மாணவருக்கு அது 10 சதவீதம். 400 பவுண்டு அறையில் தனியாகத் தங்குபவருக்கு அரை சதவீதம். எது நியாயம்?

2022 ஆகஸ்டில், கலைவிழா உச்சத்தில் இருந்தபோது, எடின்பரோவில் துப்புரவுத் தொழிலாளர்கள் 12 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரின் நடுத்தெருக்களில் தொட்டி நிரம்பி, காபிக் கோப்பைகள் நடைபாதையில் வழிந்து கிடந்தன. விழாக்கூட்டம் போடும் குப்பையை அள்ளும் செலவில் உள்ளூர்வாசி தன் வீட்டுக்காக மாநகராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியும் இருக்கிறது. வந்தவர் பங்கு எங்கே? வசூலில் நிர்வாகச் செலவு போக மிஞ்சுவதை, வருவோர் பயன்படுத்தும் வசதிகளுக்கே செலவிட வேண்டும் என்று சட்டமே கட்டிப் போட்டிருக்கிறது.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். அந்த 25 பவுண்டின் மேலும் வாட் வரி 20 சதவீதம் ஏறுகிறது; 5 பவுண்டு லண்டனில் உள்ள பிரிட்டன் அரசின் கருவூலத்துக்குப் போகிறது. ஆண்டுக்கு 87,000 பவுண்டு வாடகை பார்க்கும் சிறிய விடுதிக்காரருக்கு, வசூலித்த 4,350 பவுண்டும் விற்றுமுதலில் சேர்ந்து, 90,000 என்ற வாட் பதிவு எல்லையை (விற்றுமுதல் இதைத் தாண்டினால் வாட் வரிக்குப் பதிந்தாக வேண்டும்) தாண்டிவிடுகிறது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த விதியை எழுதியது லண்டன், எடின்பரோ இல்லை. எதிரணியினர் கேட்க வேண்டிய மாற்றம், வாட் கணக்கிலிருந்து இந்த வரியை விலக்கு என்பதுதான். அதற்குக் கையெழுத்து வாங்கினால் முதல் கையெழுத்து என்னுடையது, நடுவர் அவர்களே!