கிடார் ஆம்ப்ல வால்வு சிவக்குதா? புது வால்வு வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

[இருட்டு அறை. ஆம்ப்போட பின்பக்கம், குளோஸப்]

ரூம் லைட்டை அணைச்சிட்டேன். வால்வுங்கறது சிக்னலைப் பெருக்கற இந்தக் கண்ணாடிக் குழல். இடது பக்க வால்வைப் பாருங்க, நடுவுல மெல்லிசா ஒரு ஆரஞ்சு இழை. அது ஹீட்டர், அப்படித்தான் எரியணும். இப்ப வலது பக்கம். பிளேட்னு சொல்ற அந்தச் சாம்பல் நிறத் தகட்டோட ஓரத்துல சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு. பெரிசாகிட்டே வருது பாருங்க... ஆஃப் பண்ணிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா வால்வு போயிருக்கும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கலாம். கண்ணாடியை ஒட்டி நீலமா ஒரு வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் பயப்படாதீங்க, அது நல்ல வால்வுலயும் வரும்.

இது ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். 1963-ல வந்த கிடார் ஆம்ப், சர்க்யூட் ஏபி763, ரெண்டு 6வி6 வால்வு, 22 வாட். வரலாறு போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். 1904-ல ஃபிளெமிங் முதல் வால்வைச் செஞ்சப்போ, அது கிணத்து மோட்டார்ல இருக்கற ஃபுட் வால்வு மாதிரிதான். கரண்ட்டை ஒரே பக்கமா விடும், திருப்பி விடாது. அப்புறம்தான் நடுவுல கிரிட்னு ஒரு கம்பிச் சுருள் வந்தது. அது வந்ததும் ஃபுட் வால்வு, திருகற குழாயா மாறிடுச்சு! கிரிட்டுக்கு மைனஸ் வோல்டேஜ் கொடுத்தா குழாய் மூடும். மைனஸ் குறைஞ்சா திறக்கும். இந்த ஆம்ப்ல மைனஸ் 35 வோல்ட் கொடுத்து, குழாயை லேசா ஒழுகற அளவுல நிறுத்தி வச்சிருக்காங்க. அதுக்குப் பேர்தான் பயஸ். பயஸ் போச்சுன்னா குழாய் முழுசாத் திறந்துக்கும், பிளேட் சிவக்கும்.

இன்னொண்ணு தெரியுமா? 6வி6 ஜிடி டேட்டா ஷீட்ல பிளேட்டுக்கு 350 வோல்ட்தான் உச்சம். ஃபெண்டர் இதுல 415 கொடுத்தாங்க! அறுபது வருஷமா விளிம்புலயே ஓடற ஆம்ப் இது, பயஸ் கொஞ்சம் சரிஞ்சாலும் தாங்காது.

சரி, கண்டுபிடிக்கற வழி. ரெண்டு வால்வும் சிவந்தா பயஸ் சப்ளையைப் பாருங்க, பெரும்பாலும் அங்க இருக்கற சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் காய்ஞ்சிருக்கும். ஒண்ணு மட்டும் சிவந்தா, ஆற விட்டு ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க. சிவப்பு வால்வோடயே போனா வால்வு கெட்டது. அதே சாக்கெட்டுல நின்னா வால்வு மேல தப்பே இல்லை. நான் முதல்ல ரிப்பேருக்குக் கொடுத்த இடத்துல இந்த ஒரு சோதனையைப் பண்ணாம புது ஜோடி போட்டுக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்த அன்னிக்கே அதுல ஒண்ணு சிவந்துச்சு. அந்தக் காசு உங்களுக்குப் போகக் கூடாதுன்னுதான் இந்த வீடியோ.

[மீட்டர், குளோஸப்]

ரெண்டு பவர் வால்வையும் கழட்டிட்டேன். ஆம்ப் ஆன். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல ஓடுது, அதனால ஒரு கை பாக்கெட்டுல. கறுப்பு வயர் சேசிஸ்ல, அதாவது ஆம்ப்போட உலோகப் பெட்டியில. சிவப்பு வயர் சாக்கெட்டோட 5-ஆம் பின்ல, அதுதான் கிரிட். இடது பக்கம் மைனஸ் 35. வலது பக்கம்... மைனஸ் 24. மாட்டிக்கிச்சு!

கப்ளிங் கண்டன்சர்தான். அதோட ஒரு பக்கம் 200 வோல்ட்டுக்கு மேல பிளஸ், மறுபக்கம் நம்ம கிரிட். டிசியை மறிச்சு, கிடார் சிக்னலை மட்டும் விடறதுதான் அதோட வேலை. எவ்வளவு ஒழுகினா இந்த 11 வோல்ட் குறையும்? கிரிட்ல 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கு. 50 மைக்ரோ ஆம்ப் போதும்! ஒரு மில்லி ஆம்ப்ல இருபதுல ஒரு பங்கு. அவ்வளவு சின்ன ஒழுகல் ஒரு வால்வையே எரிச்சிடும். கண்டன்சரை வெளியே எடுத்து சாதா மீட்டர்ல சோதிச்சா நல்லதுன்னுதான் காட்டும், ஏன்னா மீட்டர் கொடுக்கற சில வோல்ட்டுல அது ஒழுகாது.

பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டன்சர்ல நிக்கற சார்ஜை ரெசிஸ்டர் வழியா இறக்கி, மீட்டர்ல பார்த்துட்டு அப்புறம்தான் சால்டரிங். ஆஃப் பண்ணிட்டோமேன்னு கை வச்சா உயிருக்கு ஆபத்து, தயவு செஞ்சு விளையாடாதீங்க. 0.1 மைக்ரோ ஃபாரட், 600 வோல்ட், ரெண்டு பக்கக் கப்ளிங் கண்டன்சரையும் சேர்த்தே மாத்திட்டேன்.

இப்ப ரெண்டு பக்கமும் மைனஸ் 35. வால்வைப் போட்டு, ஸ்பீக்கர் மாட்டி, கரண்ட் பார்ப்போம். இந்த வால்வு 14 வாட் தாங்கும், பாதுகாப்புக்கு அதுல 70 சதவீதம்னு வச்சா 9.8. அதை 415-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 23.6 மில்லி ஆம்ப். நான் 21-ல நிறுத்தறேன், வால்வு கொஞ்சம் நிம்மதியா ஓடட்டும்.

5-ஆம் பின்ல உங்களுக்கு என்ன வோல்டேஜ் வருதுன்னு ஆம்ப் மாடலோட கமெண்ட்ல போடுங்க. சர்க்யூட்டைப் பார்த்துப் பதில் சொல்றேன்.