தகரத்துக்குக் கீழே ஒரு மச்சு

(ஊட்டியை ஒட்டிய ஒரு பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் கூடப் படித்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஊட்டிக் கட்டடங்கள் என்றால் எல்லாரும் கோவை கலெக்டர் சல்லிவன் 1822-இல் கட்டிய ஸ்டோன் ஹவுஸில் ஆரம்பிப்பார்கள். அப்புறம் 1858-இல் தொடங்கி இப்போது லவ்டேலில் இருக்கிற லாரன்ஸ் பள்ளி, 1874-இல் வந்த பிரீக்ஸ் பள்ளி. பார்க்க வேண்டிய கட்டடங்கள்தான். ஆனால் எனக்குப் பின்னால் நிற்கிறதே, ஆறு வகுப்பறை, ஒரு வராந்தா, தகரக் கூரை, இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. இப்போது பேசுகிறார்கள், இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று. இங்கே படித்தவன், பிறகு வாழ்நாளெல்லாம் ஓவர்சியராகக் கட்டடம் பார்த்தவன் என்ற உரிமையில் நான் பேச வந்திருக்கிறேன்.

இது காமராஜர் காலத்துப் பள்ளி. 1954-இல் அவர் முதலமைச்சர் ஆனார். 1956-இல் மதிய உணவு வந்தது. 1958-இலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்டார். உங்கள் பள்ளிக்கு நீங்கள் என்ன தருவீர்கள் என்பதுதான் கேள்வி. ஒருவர் நிலம் தந்தார், ஒருவர் பெஞ்சு, ஒருவர் கரும்பலகை, கையில் ஒன்றும் இல்லாதவர் உடலுழைப்பு. நம் பள்ளிக்கு நிலம் மேல் ஹட்டி என்கிற படகர் ஊர்க்காரர்கள் கொடுத்தது. கல்லை இதே மேட்டில்தான் உடைத்தார்கள். சுமந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அன்றைக்கு இது ஊர்க்கோடி. 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் உருவாகி, 1967-இல் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. வேலைக்காகக் கீழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் ஏறி வந்தன. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஜனம் வந்து சேர்ந்தது. என் பெஞ்சில் ஒரு பக்கம் வீட்டில் படகர் மொழி பேசுகிற பையன், இன்னொரு பக்கம் திருநெல்வேலிக்காரன். முன் பெஞ்சில் கண்டியில் பிறந்த ஒரு பெண்.

சரி, கட்டடத்துக்கு வருகிறேன். சமவெளிப் பள்ளி என்றால் வெயிலைத் தடுக்கத் தெற்கில் வராந்தா வைப்பார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில். டிசம்பரில் உச்சி வேளையில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். கீழே வேண்டாம் என்று தடுக்கிற அந்த வெயில் இங்கே நமக்கு உயிர். அதனால் இங்கே வராந்தா வடக்கில், ஜன்னல்கள் எல்லாம் தெற்கில். உறைபனி விழுந்த காலையில் பத்து மணிக்கு வெயில் இரண்டாவது பெஞ்சு வரை வரும். அந்த இடத்துக்கு நாங்கள் போட்ட சண்டை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? ஆடி மாதக் காற்றும் சாரலும் அந்தப் பக்கம்தான் வந்து அறையும்.

கட்டடம் ஏன் இவ்வளவு ஒல்லியாக, ரயில்பெட்டி மாதிரி நீளமாக இருக்கிறது? சரிவை ஆழமாக வெட்டாமல் அதன் போக்கிலேயே நீட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அகலமான கட்டடம் என்றால் மலையை இன்னும் உள்ளே தள்ளி வெட்டியிருக்க வேண்டும், அவ்வளவு உயரத்துக்குத் தடுப்புச் சுவரும் எழுப்பியிருக்க வேண்டும்.

இப்போது கூரை. தகரத்துக்குக் கீழே பலகையில் மச்சு, அதாவது உள்கூரை, அடித்திருக்கிறது. அதை வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் வகுப்பில் மட்டும் பலகை உளுத்துப்போய்க் கழற்றிவிட்டார்கள். தை மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. முதல் பாடம் முடியும் நேரத்தில் சிலேட்டில் சொட்டென்று ஒரு துளி. அண்ணாந்து பார்த்தால் தகரம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்து நிற்கிறது. நாற்பது பிள்ளைகள் விட்ட மூச்சு மேலே போய், ராத்திரிப் பனியில் சில்லிட்டுக் கிடந்த தகரத்தில் பட்டு நீராகி விழுகிறது. மூச்சுக்கும் அந்தக் குளிர்ந்த தகரத்துக்கும் நடுவே நின்று தடுத்தது அந்தப் பலகைதான். மழை பெய்தால் இன்னொரு தொல்லை, தகரத்துச் சத்தத்தில் வாத்தியார் குரல் எங்களுக்குக் கேட்காது. பக்கத்து வகுப்பில் மச்சு இருந்ததால் பாடம் நடந்துகொண்டே இருந்தது.

சுவர் பூத்துவிட்டது, கட்டடம் போய்விட்டது என்கிறார்கள். சுவரில் கை வைத்துப் பாருங்கள். இது கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். பின்னாளில் யாரோ அழகுக்காக மேலே சிமென்ட் பூசிவிட்டார்கள். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழி அடைந்துபோயிற்று. உப்புப் பூத்து உதிர்வது அந்தப் பூச்சு. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினால் சுவர் மூச்சு விடும். பூச்சு உதிர்ந்த வடக்கு மூலையில் தட்டினாலும் கல் கணீரென்றுதான் சொல்கிறது.

குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. தகரம் துருப்பிடித்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். இறவாரத்து மரம் நாலு இடத்தில் உளுத்திருக்கிறது. வகுப்புகளில் வடக்குச் சுவர்ப் பக்கம் இருட்டு. கழிப்பறை எட்டாத தூரத்தில் இருக்கிறது, பெண் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. இதை முதலில் சரி செய்ய வேண்டும். கூடுதல் அறை வேண்டுமென்றால் விளையாட்டுத் திடலின் கீழ்க்கோடியில் மட்டமான இடம் இருக்கிறது, அங்கே தாராளமாகக் கட்டலாம்.

எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்வது வேறொன்று. பின்பக்கத் தடுப்புச் சுவர். 1978 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை உயிர் போயிற்று என்று உங்களுக்குத் தெரியும். மலைக்குள் ஊறிய நீர் வெளியேற வழி இல்லாவிட்டால் சுவர்மேல் பாரம் ஏறிக்கொண்டே போகும். அதற்காகத்தான் கட்டினவர்கள் வரிசையாக ஓட்டை விட்டிருக்கிறார்கள். நேற்று எண்ணிப் பார்த்தேன். பதினாறு ஓட்டை, அதில் ஒன்பது அடைபட்டிருக்கிறது. சீகை மரத்து வேர் உள்ளே போய் மண்ணோடு இறுகிவிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள். மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை குத்தக் கம்பி நான் கொண்டு வருகிறேன்.