டவர் இல்லாத வலையில் ஆண்டெனா

நேயர்களுக்கு வணக்கம்.

கைப்பேசிக்கு டவர் கிடைத்தால் போதும். அட் ஹாக் வலையில் டவரே கிடையாது. மீட்புக் குழுவினரின் ரேடியோக்களும், திறந்த வெளியில் தூவிய சென்சார்களும் செய்தியைத் தங்களுக்குள் கைமாற்றித்தான் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கின்றன. இங்கே ஆண்டெனா வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது, அது சிக்னலை எவ்வளவு கூட்டித் தருகிறது என்று சொல்லும் டெசிபெல் கணக்கை; அதற்குப் பெயர் கெயின். கூடுதல் டெசிபெல், கூடுதல் தொடர்பு என்று நினைப்பு. ஆண்டெனா புதிதாக எந்த ஆற்றலையும் உண்டாக்குவதில்லை; ஒரு பக்கம் கூட்டிக் கொடுத்தால் இன்னொரு பக்கம் குறைத்துவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் பாதி, கிட்டத்தட்ட 6 செ.மீ. நீளமுள்ள இருமுனைக் குச்சிதான் சாதாரண ஆண்டெனா. நிமிர்த்தி வைத்தால் சுற்றிலும் நன்றாக வீசும். நுனி காட்டும் திசையில் ஏறக்குறைய ஒன்றுமே போகாது. ஆகவே கீழ்த்தளத்தில் ஒரு கருவி, அதற்கு நேர் மேலே மாடியில் இன்னொன்று, இரண்டிலும் குச்சி நிமிர்ந்தே நின்றால், சில மீட்டர் இடைவெளியிலும் சிக்னல் தேயும். கெயின் அதிகமான நீளக் குச்சியை மாட்டினால் கதிர் இன்னும் தட்டையாகி, மாடிக்காரர் மேலும் ஒதுக்கப்படுவார்.

ஒரே திசையில் குவிக்கும் ஆண்டெனாவின் சிக்கல் வேறு. ஒரு கருவி தன் கதிரை ஓர் அண்டையரிடம், அதாவது எட்டும் தூரத்தில் உள்ள இன்னொரு கருவியிடம், திருப்பிப் பேசுகிறது. பின்னாலிருந்து இன்னொருவர் அழைப்பது அதன் காதில் விழாது. அழைத்தவர் நெரிசல் என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் இன்னும் நீளக் காத்திருப்பார். கடைசியில் அந்த இணைப்பே அறுந்துவிட்டது என்று முடிவுகட்டி வேறு வழி தேடுவார். கருவி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது!

ஆனாலும் குவிப்பு ஆண்டெனாவைத் தள்ளிவிட முடியாது. தடையற்ற வெளியில், திசையைக் குருட்டாம்போக்கில் வைத்தாலும், கணக்குப்படி அண்டையர் எண்ணிக்கை பெரிதாக மாறாது. கிடைப்பவர்கள் தொலைவில் இருப்பார்கள். பிரிந்து கிடக்கும் கருவிக் கூட்டங்களைப் பிணைக்க இந்த நீண்ட இணைப்புகள்தான் உதவும். சிக்னல் வேகமாகத் தேயும் கட்டட நெரிசலில் இந்த ஆதாயம் கரைந்துவிடும்.

நகரும் கருவிகளுக்கு நான் சொல்வது, அண்டையரைத் தேடச் சுற்றிலும் வீசும் ஆண்டெனா, தரவை அனுப்பக் குவித்த கதிர். ஒரு பொறி உண்டு. குவித்த கதிர் எட்டும் தூரத்தை, சுற்றிலும் வீசித் தேடும் அலை எட்டாது. அந்தத் தொலைவில் இருப்பவர் நம் பட்டியலில் வரவே மாட்டார். ஆகவே தேடும்போதும் இடையிடையே கதிரைச் சுழற்றிப் பாருங்கள், நேரம் பிடிக்கும்தான்.

வணக்கம்.